பல் செட்டின் விலை

(முதியோர் கூட்டமொன்றில் பேசியதின் சுருக்கம்)



பல் செட்டின் விலையைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். நாம் பல் வைத்தியரல்ல. நமக்குப் பல் போயிற்று. பல் கட்டிக் கொண்டோம். அதில் ஒரு தடவை ஏமாந்தும் போனோம். நமக்குள்ள யோக்கியதை இவ்வளவுதான். ஆகையால் நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, பல் கட்டுவது வீண் செலவு என்கிற எண்ணம் தொலைய வேண்டும். நம் வீடுகளில் கிழவனுக்காவது, நாலு பேரைப் பார்க்க வேண்டியவர் என்று பல் கட்டி விடுகிறார்கள். கிழவிக்கென்றால், "இந்த வயதில் பல் எதற்கு? கஞ்சி குடித்தால் போதாதா?" என்கிறார்கள். அவளும் கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்துக் காலத்தைத் தள்ளுகிறாள். அவள் செத்த பதினாறாம் நாள் மட்டும் வடையும் முறுக்கும் அதிரசமும் இலை நிறையப் படைக்கிறார்கள்! உயிரோடிருந்தபோது ஒரு வடையை மெல்ல வழி செய்யாதவர்கள், செத்த பிறகு முறுக்குப் படைத்தால் அவள் எந்தப் பல்லால் கடிப்பாள்? அந்தச் செலவுக்குக் கடன் வாங்கத் துணிகிறவர்கள், பல்லுக்கு மாத்திரம் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்குப் பார்க்கட்டும், அதைச் சரியாகப் பார்க்கட்டும் என்பதுதான் நமது வேண்டுகோள்.

"பல் செட் என்ன விலை?" என்று கேட்பது, "வீடு என்ன விலை?" என்று கேட்பதைப் போன்றது. எந்த வீடு, எங்கே, எத்தனை அறை என்று தெரியாமல் யார்தான் பதில் சொல்ல முடியும்? பல் செட்டின் விலையில் சாமானின் விலை சிறு பங்குதான். அச்செடுக்கிற வைத்தியரின் நேரம், பல் அடுக்கித் தேய்த்து முடிக்கிற தொழிலாளியின் கைத்திறன், பிறகு சரிசெய்து கொடுக்கிற பொறுப்பு ஆகியவையே பெரும் பங்கு. இதற்குமேல் இடத்தின் வாடகையும் பெயரின் வாடகையும் சேரும்.

இதற்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில் பல் செட் செய்யும் முறை வந்தது. தங்கத்திலும் தந்தத்திலும் செய்ததைவிட அது மிக மலிவு. ஆனால் அமெரிக்காவில் ஒரு கம்பெனி அந்த முறைக்கு உரிமை வாங்கி வைத்துக்கொண்டு, பல் வைத்தியர்களிடம் கட்டணம் கேட்டு வழக்குமேல் வழக்காகப் போட்டது. இந்த ஆத்திரம் முற்றி, 1879இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல் வைத்தியர் அக்கம்பெனியின் பொருளாளரைச் சுட்டே கொன்றுவிட்டார். கொலையை நாம் ஆதரிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். மலிவான சாமானின் விலையை ஏற்றுவது சாமானல்ல, இடையில் நிற்கிற மனிதர்கள்தான் என்பதற்காகவே சொல்லுகிறோம். 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. இன்றும் சாதாரணப் பல் செட் அதில்தான் செய்யப்படுகிறது.

இப்போது நாம் ஏமாந்த கதையைச் சொல்லுகிறோம். ஒருவர் மற்றெல்லாரையும்விட மலிவாக, இரண்டே நாளில் கட்டித் தருவதாகச் சொன்னார். நமக்கும் சந்தோஷம். முழுப் பல் செட்டுக்குச் சாதாரணமாக ஐந்து தடவையாவது போக வேண்டும். முதல் அச்சு, சரியான இரண்டாவது அச்சு, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சேருகிற அளவு, மெழுகில் பல்லை வைத்துப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் செட்டை வாங்கிக் கொள்வது என்று ஐந்து காரியங்கள் உண்டு. நமக்கு நடந்தது இரண்டுதான். மேல் செட் பேசும்போது விழுந்தது. கீழ் செட் ஈற்றைப் புண்ணாக்கியது. திரும்பப் போனபோது, "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். ஒரு வருடம் அது அலமாரியில் கிண்ணத்துத் தண்ணீரில் பழகிக் கொண்டிருந்தது! அன்று தெரிந்து கொண்டோம், வாயில் போட முடியாத பல் செட்தான் எல்லாவற்றிலும் விலை கூடின பல் செட் என்று.

ஆகவே ஒப்பிடும்போது மொத்தச் செலவை ஒப்பிட வேண்டும். உதாரணமாக, ஒருவர் 10,000 ரூபாய், மற்றொருவர் 15,000 ரூபாய் கேட்பதாக வைத்துக் கொள்வோம். முதல்வரிடம் மீதியுள்ள 4 பல்லைப் பிடுங்க 2,000, ஐந்து தடவை தேய்த்துச் சரிசெய்ய 1,500, உள்பக்கம் புதிதாகப் பூசிப் பொருத்த 3,000 என்று தனித்தனியே வாங்கினால் மொத்தம் 16,500 ஆகிறது. மற்றவர் இவ்வளவும் 15,000இல் அடக்கம் என்கிறார். இவர்களில் யார் மலிவு? பல் பிடுங்கின பிறகு தாடை எலும்பு கரைந்து கொண்டே போகும். முதல் வருடத்தில் மிக வேகமாகக் கரையும். அதனால் செட் தளர்வது இயற்கை. பூசிப் பொருத்தும் செலவு பின்னால் வரும் என்பதை முன்னாலேயே கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இதனால் விலை கூடினதெல்லாம் உயர்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு மூட நம்பிக்கைதான். வளைந்து கொடுக்கும் நைலான் செட் பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் உடைந்தாலோ தளர்ந்தாலோ சரிசெய்வது கஷ்டம். சில பற்கள் மட்டும் போனவர்களுக்கு வார்ப்பு உலோகச் செட் மெல்லியது, உறுதியானது, விலையும் கூட. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு, எலும்பில் இரண்டு திருகு வைத்து அதன்மேல் செட்டை மாட்டுவதே முதலில் யோசிக்கத் தக்கது என்று 2002இல் கனடாவில் மக்கில் பல்கலைக் கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். கீழ் செட்டே அதிகம் ஆடுகிறதாகையால் அது நியாயந்தான். ஆனால் செலவு பல மடங்கு. உங்கள் வாய்க்கு எது தேவை என்பதை உங்கள் எலும்பும் உங்கள் பணமும் தீர்மானிக்க வேண்டுமே ஒழிய, அடுத்த வீட்டுக்காரரின் பெருமை தீர்மானிக்கக் கூடாது.

தெருவோரத்தில் பல் கட்டுகிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்துப் பல்லோடு கம்பியாலும் பசையாலும் நிரந்தரமாக ஒட்டிவிட்டால் அடியில் அழுக்குச் சேர்ந்து ஈறு அழுகும். நல்ல பல்லும் போகும். ஒரு பல்லுக்குப் போனவன் மூன்று பல்லை இழப்பான். ஏழை அங்கே போவது அவன் அறிவீனத்தால் மட்டுமல்ல. மற்ற இடத்தில் விலை கேட்கவே பயப்படுவதால்தான்.

அந்தப் பயம் போக வழியென்ன? இங்கிலாந்தில் 1948இல் அரசாங்க வைத்திய ஏற்பாடு வந்தபோது பல் செட்டையும் இலவசமாகவே கொடுத்தார்கள். கூட்டம் தாங்கவில்லை. 1951இல் பல் செட்டுக்குக் கட்டணம் போடப் போனபோது, அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த மந்திரி பெவன் ராஜினாமாவே செய்தார். இன்று அங்கே கட்டணம் இருக்கிறது. ஆனால் அரசாங்க ஏற்பாட்டில் ஒரு சிகிச்சைக்கு ஒரே விலை, எல்லாரும் அறிய வெளியிடப்படுகிறது; 2025 ஏப்ரலில் அது 326 பவுன் 70 பென்ஸ். விலை தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நம் ஊரில் அப்படி ஒரே விலை இல்லையாகையால் நாம்தான் விசாரிக்க வேண்டும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் கட்டுகிறார்கள். நாள் அதிகம் ஆகும்; செலவு குறையும்.

முடிவாக, தோழர்களே! தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானமல்ல; நம் காசு. பணம் கொடுக்குமுன் கேளுங்கள்: நீங்கள் பதிவு பெற்ற வைத்தியரா? எத்தனை தடவை வர வேண்டும்? பல் பிடுங்குவது இதில் சேர்ந்ததா? மெழுகில் போட்டுக் காட்டுவீர்களா? சரிசெய்வது எத்தனை மாதம் வரை இலவசம்? உடைந்தால் என்ன செலவு? பதிலை எழுதி வாங்கி, இரண்டு மூன்று இடத்து எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவரிடம் கட்ட வேண்டாம்.

வாய்க்குள் வைக்கப் போகிற சாமானுக்கு வாயைத் திறந்து கேட்க வெட்கப்படாதீர்கள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.