வாட்ச் வாங்குறதுக்கு முன்னாடி: எண்ணுற நம்பர், கணக்குப் போடுற நம்பர், கதை விடுற நம்பர்

(ஒலிப்பதிவில் இருந்து சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடுக்குக் காரணம் ரெண்டு வாய்ஸ் நோட்.

முதல்ல ஒரு தம்பி அனுப்பினது: "ப்ரோ, பட்ஜெட் ஐயாயிரம். ஹார்ட் ரேட், ஆக்ஸிஜன், பிபி, சுகர், ஸ்ட்ரெஸ், தூக்கம் எல்லாமே காட்டுதாம். நூறு ஸ்போர்ட்ஸ் மோடு வேற. வாங்கிடவா?" ரெண்டாவது, ஒரு தோழி அனுப்பினது: "அப்பாவுக்கு 58 வயசு. பிபி மாத்திரை சாப்பிடுறாரு. பிபி காட்டுற வாட்ச் ஒண்ணு வாங்கிக் கொடுக்கணும். எது நல்லது?"

ரெண்டும் ஒரே கேள்வி மாதிரிதான் தெரியுது. ஆனா தம்பி தப்பான வாட்ச் வாங்கினா ஐயாயிரம் ரூபாய் போச்சு, அவ்வளவுதான். அந்த அப்பா தப்பான வாட்ச்சை நம்பினா, "இன்னைக்கு பிபி நார்மல்தானே" என்று மாத்திரையைத் தள்ளிப் போடுவாரு. அதனால இன்னைக்கு பிராண்ட் பட்டியல் கிடையாது. வாட்ச் காட்டுற எந்த நம்பரை எவ்வளவு நம்பலாம், அதை வெச்சு வாட்ச்சை எப்படித் தேர்ந்தெடுக்குறது, இதுதான் பேச்சு. நான் டாக்டர் இல்ல, இஞ்சினியர். இந்த டேட்டா எங்கிருந்து பொறக்குது என்பதைத்தான் என்னால சொல்ல முடியும்.

உள்ள என்ன இருக்கு?

வாட்ச்சைத் திருப்பிப் பாருங்க, பச்சை லைட் மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை நல்லா உறிஞ்சிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டுல ரத்தம் கொஞ்சம் கூடும், அப்போ திரும்பி வர்ற வெளிச்சம் கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினா நாடித்துடிப்பு. ஆக்ஸிஜனுக்கு சிவப்பு, அகச்சிவப்பு லைட். அசைவைப் பிடிக்க ஆக்ஸிலரோமீட்டர். சில மாடல்கள்ல ஜிபிஎஸ், இன்னும் விலை கூடினா ஈசிஜி, தோலோட வெப்பநிலை.

பெரும்பாலான வாட்ச்ல இவ்வளவுதான். அட்டைப்பெட்டி மேல இருபது அம்சம் போட்டிருக்கும், உள்ள சென்சார் மூணு நாலுதான் இருக்கும். மிச்சம் எல்லாம் சாஃப்ட்வேர்ல பொறக்குது. அதனால வாட்ச் காட்டுற நம்பரை எல்லாம் மூணு கூடையாப் பிரிச்சுக்கலாம். எண்ணிச் சொல்றது, கணக்குப் போட்டுச் சொல்றது, கதை விடுறது.

முதல் கூடை: எண்ணிச் சொல்றது

நாடித்துடிப்பும் நடையும் இந்தக் கூடை. 2017ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. மணிக்கட்டுல கட்டுற 7 கருவிகள், 60 தன்னார்வலர்கள். நாடித்துடிப்புல 7ல 6 கருவிகளோட பிழை 5 சதவீதத்துக்குள்ள இருந்துது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நடக்கும்போது, சீரா ஓடும்போது ஒரு நல்ல வாட்ச்சை தாராளமா நம்பலாம்.

ஜிம்ல வெயிட் தூக்கும்போதும் பேட்மிண்டன் ஆடும்போதும் கதை வேற. மணிக்கட்டு மடங்கும், பட்டை நகரும், வெளிச்சம் சிதறும். ஓட்டத்துலகூட ஒரு வேடிக்கை உண்டு. நீங்க நிமிஷத்துக்கு 165 காலடி வெக்கிறீங்க, வாட்ச் அந்தக் குலுக்கலையே துடிப்புனு நினைச்சு "165" காட்டும். ஓட ஆரம்பிச்ச முதல் நிமிஷமே 165க்கு எகிறிச்சுன்னா பயப்படாதீங்க. நின்னு, கழுத்துல கை வெச்சு 30 விநாடி எண்ணி ரெண்டால பெருக்குங்க. மணிக்கட்டு எலும்புல இருந்து ஒரு விரல் அளவு மேல தள்ளி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டினாலே பாதிப் பிழை சரியாகிடும். அந்த இடத்துல டாட்டூ இருந்தா லைட்டுக்கு சிரமம், அடுத்த கையில கட்டுங்க. துடிப்பு துல்லியமா வேணும்னு சீரியஸா பயிற்சி எடுக்குறவங்களுக்கு மார்புல கட்டுற பெல்ட்தான் சரி. அது வெளிச்சத்தை நம்புறதில்ல, இதயத்தோட மின் சிக்னலையே எடுக்குது.

அடுத்து, நடை. பத்தாயிரம் காலடி என்கிற இலக்கு எந்த ஆராய்ச்சியில இருந்தும் வந்தது இல்ல. டோக்கியோ ஒலிம்பிக் 1964ல நடந்துது. அடுத்த வருஷம் ஜப்பான்ல ஒரு கம்பெனி காலடி எண்ணுற கருவி ஒண்ணு கொண்டு வந்தாங்க. பேரு 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். விளம்பரப் பேரு உலக இலக்கா மாறிடுச்சு. 2019ல சராசரியா 72 வயசான அமெரிக்கப் பெண்கள்கிட்ட நடந்த ஒரு ஆய்வுல, 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 அடி நடந்தவங்களோட இறப்பு விகிதம் தெளிவாவே குறைவு. 7,500 தாண்டின பிறகு பெருசா வித்தியாசம் இல்ல. அது வயசானவங்க கணக்கு, அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனா 6,000 அடி நடந்துட்டு "இன்னைக்கும் கோல் ஃபெயில்" என்று சோர்ந்து போறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கலாம். நேத்தைவிட இன்னைக்கு எவ்வளவு கூட நடந்தோம் என்பதுதான் பயன்படுற கணக்கு.

ரெண்டாவது கூடை: கணக்குப் போட்டுச் சொல்றது

இதுல முதல் ஆள் கலோரி. அதே 2017 ஆய்வுல கலோரியையும் சோதிச்சாங்க. இருக்குறதுலயே நல்லா செஞ்ச கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம். மோசமானதுக்கு 93. வாட்ச் "500 கலோரி எரிச்சுட்டீங்க" என்று பாராட்டுது, நாம அதை நம்பி ரெண்டு பரோட்டாவும் சால்னாவும் உள்ள தள்ளுறோம். எரிஞ்சது உத்தேசம், சாப்பிட்டது நிஜம். வெயிட் குறைக்குறதுதான் உங்க நோக்கம்னா, கலோரி நம்பருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்து தூக்கம். எத்தனை மணிக்குப் படுத்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்பதை வாட்ச் ஓரளவு சரியாவே சொல்லும். ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, கனவுத் தூக்கம் எவ்வளவு என்று பிரிச்சுச் சொல்லணும்னா, ஆய்வகத்துல தலையில மின்முனை ஒட்டி மூளை அலையைப் பார்ப்பாங்க. வாட்ச் பார்க்குறது அசைவும் துடிப்பும் மட்டும்தான். அதை வெச்சு மூளை என்ன செஞ்சுதுன்னு ஊகிக்குது. தூக்க ஸ்கோரைப் பார்த்துக் கவலைப்பட்டே தூக்கம் கெடுறவங்களைப் பத்தி 2017லயே மருத்துவ இதழ்ல எழுதி, அந்த நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பேரும் வெச்சுட்டாங்க. நல்லா எழுந்திரிச்சு, ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க, வாட்ச் மட்டும் 54 மார்க் போடுதா? உங்களை நம்புங்க.

ஸ்ட்ரெஸ், ரெகவரி, ஃபிட்னஸ் வயசு எல்லாமும் இதே ரகம். ஒருநாள் நம்பருக்கு மதிப்பு கம்மி, பல வாரப் போக்குக்கு மதிப்பு உண்டு. வழக்கமா ஓய்வுல 62 துடிக்கிற உங்களுக்கு நாலு நாளா 70 என்றால் உடம்பு ஏதோ சொல்லுது. காய்ச்சலா இருக்கலாம், தூக்கக் குறைவா இருக்கலாம், ரிலீஸ் வாரமாகவும் இருக்கலாம்.

மூணாவது கூடை: கதை விடுறது

ஊசி குத்தாம சுகர் காட்டுற வாட்ச். இதுக்கு ஒரே வரிதான் பதில்: வாங்காதீங்க. 2024 பிப்ரவரியில அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வெளிப்படையாவே எச்சரிச்சது. தோலைத் துளைக்காம தானே சுகர் அளக்குற எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அவங்க அனுமதி கொடுக்கல. கையில ஒட்டுற சிஜிஎம் வேற. அதுல தோலுக்கு அடியில போற ஒரு மெல்லிய சென்சார் இருக்கு, வாட்ச் வெறும் திரைதான். இன்சுலின் போடுற ஒருத்தர் பொய்யான நம்பரைப் பார்த்து டோஸை மாத்தினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ அந்தத் தோழியோட கேள்வி. பிபி என்பது அழுத்தம். கையில பட்டை சுத்திக் காத்தடிக்கிற மெஷின் ரத்தக் குழாயை நிஜமாவே அழுத்திப் பார்க்குது. சாதாரண வாட்ச் எதையும் அழுத்துறதில்ல, வெளிச்சத்தோட வடிவத்தைப் பார்த்து ஊகிக்குது. நேர்மையான கம்பெனிகள் இதை ஒத்துக்குறாங்க. சாம்சங் வாட்ச்ல பிபி பார்க்கணும்னா முதல்ல பட்டை மெஷினோட ஒப்பிட்டு அமைக்கணும், நாலு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் செய்யணும். ஆப்பிள் 2025ல கொண்டு வந்த வசதி பிபி நம்பரையே காட்டாது. 30 நாள் டேட்டாவைப் பார்த்து "உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம்" என்று தகவல் மட்டும்தான் கொடுக்கும். ஹுவாவே வாட்ச் டி மாதிரி பட்டையிலேயே காத்து ஏறுற மாடல்களும் இருக்கு, ஆனா அது தனி ரகம், தனி விலை. ஐயாயிரம் ரூபாய் வாட்ச் எந்த ஒப்பீடும் கேட்காம 118/76 என்று காட்டினா அது கதை.

ஒரு சின்னச் சோதனை. கடையில வாட்ச்சை ஒரு சுருட்டின டவல்ல கட்டிப் பாருங்க. ஹார்ட் ரேட் காட்டினா விட்டுடுங்க, நல்ல வாட்ச்கூட சில நேரம் ஏமாறும். ஆனா டவலுக்கு பிபியும் சுகரும் நார்மல்னு ரிப்போர்ட் வந்தா, நன்றி சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

அதனால தோழி, அப்பாவுக்கு முதல்ல வாங்க வேண்டியது மேல் கையில கட்டுற ஆட்டோமேட்டிக் பிபி மெஷின். பார்க்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி காபி வேண்டாம். அஞ்சு நிமிஷம் அமைதியா, முதுகைச் சாய்ச்சு உட்காரச் சொல்லுங்க. கால் தரையில, கை நெஞ்சு மட்டத்துல. ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை பார்த்து எழுதி வெச்சு, அந்த நோட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரையைக் கூட்டுறதும் குறைக்குறதும் டாக்டர் வேலை.

அதுக்கு அப்புறமும் வாட்ச் வாங்கித் தரணும்னா, ஈசிஜியும் விழுந்தா எச்சரிக்கிற வசதியும் இருக்குறதைப் பாருங்க. சீரில்லாத இதயத் துடிப்பைப் பிடிக்க இது உதவும். அதைக் கவனிக்காம விட்டா பக்கவாத ஆபத்து கூடும். ஆப்பிளும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து நாலு லட்சத்துக்கும் மேலானவங்ககிட்ட நடத்தின ஆய்வுல, மொத்தத்துல 0.52 சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்துது. 65 வயசு தாண்டினவங்கள்ல சுமார் 3 சதவீதம். 40க்குக் கீழ ஆயிரத்துல ரெண்டு பேருக்கும் குறைவு. அதாவது இந்த வசதியால அப்பா அம்மாவுக்குப் பலன் இருக்கு, நமக்கு அவ்வளவு இல்ல. ஆனா வாட்ச் ஈசிஜியால மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஆப்பிளே அதைத் திரையில சொல்லுது. நெஞ்சு வலிக்குதுன்னா வாட்ச்சைப் பார்க்காதீங்க, 108க்கு அடிங்க.

சரி, எதைத்தான் வாங்குறது?

இப்பதான் நடக்க ஆரம்பிக்கிறீங்களா? அந்த ஐயாயிரம் தம்பிக்கும் சேர்த்துச் சொல்றேன். காலடி, துடிப்பு, தூக்க நேரம் மட்டும் காட்டுற சாதாரண ஃபிட்னஸ் பேண்ட் போதும். பிபியும் சுகரும் காட்டுதுன்னு பெருமை பேசுற மாடலைத் தள்ளி வைங்க. அதுல பொய் சொல்றவங்க மத்ததுல மட்டும் எப்படி உண்மை சொல்லுவாங்க?

ஓடுறவங்களா? வாட்ச்லயே ஜிபிஎஸ் இருக்கான்னு பாருங்க. 'கனெக்டட் ஜிபிஎஸ்' என்றால் போனையும் தூக்கிட்டு ஓடணும். ஓஎம்ஆர் மாதிரி உயரமான கட்டடங்களுக்கு நடுவுல ஓடினா, ரெண்டு அலைவரிசை பிடிக்கிற ஜிபிஎஸ் தூரத்தை இன்னும் சரியாச் சொல்லும். அடுத்து பேட்டரி. முழு மாரத்தானுக்குத் தயாராகுறவங்க ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைப் பார்க்கணும், எத்தனை நாள் தாங்கும் என்பதை இல்ல.

நீச்சலா? ஐபி68 மட்டும் பார்த்து வாங்காதீங்க, 5 ஏடிஎம் என்று போட்டிருக்கணும்.

அப்புறம் போன். ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் வேணும். சாம்சங் வாட்ச்ல ஈசிஜி பார்க்க சாம்சங் போன் வேணும். அப்பாகிட்ட வேற ஆண்ட்ராய்டு போன் இருந்தா, நீங்க காசு கொடுத்த வசதியே வேலை செய்யாது. மாதச் சந்தா இருக்கா, டேட்டாவை வெளிய எடுக்க முடியுமா என்பதையும் பில் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. தினமும் சார்ஜ் போடணும்னா அப்பா போடுவாரா என்பதையும் யோசிங்க. மேஜை மேல கிடக்குற வாட்ச் யார் விழுந்தாலும் சொல்லாது.

கடைசியா ஒரு வேலை கொடுக்குறேன். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க: "இந்த நம்பர் இப்படி வந்தா, நான் இதைச் செய்வேன்." உதாரணமா, "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள 5,000 அடி ஆகலைன்னா, ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடப்பேன்." அந்த வாக்கியத்துல எந்த நம்பர் வருதோ அது முதல் கூடையில இருந்தா, அதைச் சரியாக் காட்டுற விலை குறைஞ்ச வாட்ச்தான் உங்களுக்கு நல்ல வாட்ச். வாக்கியமே வரலைன்னா காசை வெச்சுக்குங்க. ஒரு நல்ல ஷூ வாங்கலாம்.

நீங்க எழுதின வாக்கியத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சிலதை எடுத்துப் பேசுவோம். அதுவரைக்கும் நடந்துட்டே இருங்க.