உதவித்தொகைக்கு ஈடாக இலவச உழைப்பா?

(கோலார் தங்கவயலில் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மக்கள் வரிப்பணத்தில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் பல்கலைக்கழக மாணவர், அதற்கு ஈடாகச் சமூக சேவை செய்வதைக் கட்டாயமாக்கினால் என்ன என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். தொழிலாளர் இயக்கம் தொண்டுக்குப் பகையானதும் அன்று. ஆயினும் அக்கட்டாயம் யார் மீது சுமத்தப்படுகிறது என்று பாராமல் இதற்குத் தலையசைக்க இயலாது.

அமெரிக்காவில் 1990இல் தொடங்கப்பட்ட பான்னர் உதவித்தொகைத் திட்டத்தில், வறிய குடும்பத்து மாணவர் வாரம் ஏறத்தாழ 10 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அதன் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அதே வகுப்பில் பெற்றோர் பணத்தில் படிப்பவருக்கு இக்கட்டாயம் இல்லை. மெக்சிகோவிலோ, 480 மணி நேரச் சமூக சேவை பட்டம் பெறும் மாணவர் அனைவருக்கும் பொதுவானது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் விலக்கில்லை. முன்னது வறுமைக்கு விதித்த வரி. பின்னது குடிமக்கள் அனைவரின் கடமை.

இந்திய அரசியல் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். அதன் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. பொது நோக்கத்திற்காகக் கட்டாயச் சேவையை அரசு விதிக்கலாம் என அப்பிரிவே இசைகிறது. ஆனால் மதம், இனம், சாதி, வர்க்கம் என்பவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், வறுமையின் நெருக்கடியும் கட்டாயமே என்று விளக்கியது. 'சேவை செய், இல்லையேல் உதவித்தொகை நிற்கும்' என்று ஏழை மாணவரிடம் சொல்வது எவ்வகை நெருக்கடி? சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர். பெயரை மாற்றிவிட்டால் வெட்டி தொண்டாகிவிடாது.

'பொதுப் பணம் பெற்றவர் திருப்பித் தர வேண்டாமா?' என்பர். அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டடம், ஆய்வுக்கூடம், ஆசிரியர் ஊதியம் யாவும் பொதுப் பணமே. அங்கே பயிலும் எல்லோரும் அதன் பயனாளிகள். அவ்வாறிருக்க, உதவித்தொகை பெறுபவரை மட்டும் கடனாளியாக நிறுத்துவது ஏன்?

கடன் கணக்குப் பார்ப்பதானால் இவ்வூரிலிருந்தே தொடங்கலாம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு வந்தது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. எடுத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். பாறை வெடித்து மாண்டார்கள். சிலிக்காத் தூசியால் நுரையீரலை இழந்தார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிர் நீத்தனர். தங்கம் போயிற்று, சயனைடு மண்மேடுகள் எஞ்சின.

அத்தொழிலாளியின் பேத்தி இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் படித்து, இருட்டிய பின் லைன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளிடமா சேவை மணிக்கணக்கு கேட்பது? பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதல் வழங்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட கல்விக்கு அது சிறு ஈடு. கடனைத் திருப்பித் தருபவன், வாங்குபவனிடம் வட்டி கேட்பதில்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. உதவித்தொகை எவ்வித உழைப்பு நிபந்தனையுமின்றி, உரிய காலத்தில் வழங்கப்பட வேண்டும். பாடத்திட்டத்தில் சமூக சேவை இடம்பெறுமானால், அது மாணவர் அனைவருக்கும் பொதுவாக, மதிப்பெண்ணுடனும் பயணச் செலவுடனும் அமைய வேண்டும். துப்புரவுத் தொழிலாளி, அங்கன்வாடி ஊழியர் ஆகியோரின் ஊதிய வேலையை மாணவரின் இலவச உழைப்பால் ஈடுகட்டலாகாது.

தொண்டு தேவையில்லையா? தேவை. லைன் வீட்டுச் சிறுவர்க்கு மாலையில் பாடம் சொல்லவும், நோயுற்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் மனுவை எழுதித் தரவும் படித்த இளைஞர் தேவை. அவர்களைத் திரட்டுவது கட்சிக் கிளைகளின் பணி. 1946இல் இவ்வூர்த் தொழிலாளர் தோழனுக்காகத் தோழன் நின்றபோது எவரும் மணிக்கணக்கு எழுதவில்லை. உரிமை உறுதியான இடத்தில்தான் தொண்டு தானாக முளைக்கும்.