மீன் தொட்டியிற் பாசி



மரக்கறித் தோட்டத்திற்கு நீர் தேக்கும் சீமெந்துத் தொட்டியிலே திலாப்பியா வளர்ப்போர் உங்களுட் சிலர் உளர். அந்நீர் கடும்பச்சையான பின், ஒருநாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்திறந்து திணறுவதைக் கண்டிருப்பீர்கள். இதற்குக் காரணம் பாசியே. பகலில் ஒளியைக் கொண்டு பிராணவாயுவை வெளிவிடும் பாசி, இரவில் மீனைப் போலவே அதனை உட்கொள்கின்றது. ஆதலால் விடியுமுன் நீரிற் பிராணவாயு மிகக் குறைந்துவிடும். அவ்வேளையிற் புதுநீரை உயரத்திலிருந்து தொட்டியில் விழச் செய்க. விழும் நீரோடு காற்றும் கலக்கும்.

மயில்துத்தமிட்டுப் பாசியைக் கொல்ல எண்ணாதீர்கள். அது மீனுக்கும் நஞ்சு. மேலும், இறந்த பாசி அழுகும்போது பிராணவாயு இன்னும் குறையும்.

மிஞ்சிய இரையும், எருவும், பசளை கரைந்த நீருமே பாசிக்கு உணவு. எனவே, மீன் சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இரையிடுக. வயலிலிருந்து வடியும் நீர் தொட்டியிற் சேராது தடுக்குக. தொட்டியின் ஒரு பாதிக்குக் கிடுகாற் பந்தலிட்டு நிழல் செய்க. இழைப்பாசியைக் கையால் அள்ளிக் கூட்டெருக் குழியில் இடுக. கிழமைக்கொருமுறை நீரில் நாலிலொரு பங்கை இறைத்துப் புதுநீர் விடுக. இறைத்த நீரும் வீண்போகாது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது நல்ல ஊட்டமாகும்.