தமிழ்நாட்டில் ஒரு வீசம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் வாழும் இவ்வூரின் பெயரிலேயே ஓர் அளவு அடங்கியிருக்கிறது. 'லம்பா' என்றால் இந்தியில் நீண்டது என்று பொருள். எவ்வளவு நீளம் என்று எவரும் கேட்பதில்லை. பேச்சில் அளவு பெரும்பாலும் இவ்வாறு கண்மதிப்பாகவே வழங்குகிறது. அந்தக் கண்மதிப்பை நம் பிள்ளைகள் ஆங்கிலத் தொடர்களிலேயே சொல்லப் பழகிவிட்டனர். 'டபுள் சைஸ்', 'ஹாஃப் சைஸ்' என்பவற்றால் தீங்கில்லை. இடறல் அதற்கு அடுத்த படியில்தான்.

'ஹாஃப் அஸ் பிக்' என்றால் பாதி. அதனோடு 'அகெய்ன்' என்ற ஒரு சொல் சேர்ந்துவிட்டால் ஒன்றரை மடங்கு! 'ஹாஃப்' காதில் விழுந்ததுமே பிள்ளை பாதி என்று எழுதிவிடும். 'த்ரீ டைம்ஸ் பிகர்' என்பதோ ஆங்கிலம் வல்லாரிடையேயே வழக்குக்குரியது. மும்மடங்கு என்பர் ஒருசாரார். உள்ளதன்மேல் மூன்று பங்கு கூடுவதால் நான்மடங்கு என்பர் மற்றொருசாரார். தமிழில் 'ஒன்றரை மடங்கு', 'மும்மடங்கு' என்றால் ஐயத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. பள்ளிக்கு அது வேண்டும். பொருளைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விடை எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஆனால் சொல்லிப் பார்க்கச் சொல் வேண்டுமே! கால், அரை, முக்கால் ஆகியவை கடைத்தெருவில் பிழைத்திருக்கின்றன. எட்டில் ஒன்றாகிய அரைக்காலும் பதினாறில் ஒன்றாகிய வீசமும் எங்கே போயின? ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை ஈரணா அரைக்கால், ஓரணா வீசம். 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. நூறாகப் பகுத்த ரூபாயில் வீசத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. கணக்குக்கு அது எளிது; மறுக்கவில்லை. ஆயினும் அளவை ஒப்பிட அச்சொற்கள் எத்துணைப் பொருத்தமானவை என்பதற்கு நம் தீவுகளையே சான்று காட்டுகிறேன்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். இலங்கை 65,610. அதை எட்டால் வகுத்தால் 8,201. ஆகவே நம் தீவுகள் இலங்கையில் ஏறத்தாழ அரைக்கால். தமிழ்நாடு சுமார் 1,30,000. பதினாறால் வகுத்தால் 8,125. தாயகத்தில் ஒரு வீசம்! 'அபவுட் ஒன் சிக்ஸ்டீன்த் த சைஸ் ஆஃப்' என்று நாச்சுளுக்கச் சொல்வதை மூன்றெழுத்து முடித்துவிடுகிறது. ஊரிலிருந்து வரும் அத்தையோ மாமாவோ 'உங்கள் தீவு எவ்வளவு பெரிது?' என்று கேட்டால், பிள்ளைகள் கையை விரிக்க வேண்டியதில்லை. 'தமிழ்நாட்டில் வீசம்' எனலாம். கேட்டவருக்கு வீசம் தெரியாவிடின் அதையும் பிள்ளையே சொல்லித் தரட்டும்.

கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். நம் தீவுகள் அதைப்போல் எத்தனை மடங்கு? முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியர் விருந்து முடிவதற்குள் தமிழில் விடை சொல்ல வேண்டும். இரண்டுக்கு மேல், இரண்டரைக்குக் கீழ். இவ்வளவுதான் என் குறிப்பு.