அரிசியை யார் ஊறப்போடுவது?



"நிதானமான இல்வாழ்க்கை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். லண்டனில் நின்றுகொண்டு இதைப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து ஒருவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, காலை ஷிப்டுக்கு இன்னொருவர் கோட்டு மாட்டுகிற ஊர் இது. ஆனாலும் சொல்கிறேன்: அந்த வீடுகளில்தான் நிதானத்துக்கு மதிப்பு அதிகம்.

டிசம்பர் 21 அன்று இங்கே சூரியன் மாலை 3.53-க்கே போய்விடும். ஜூன் மாதத்தில் இரவு 9.20 வரைக்கும் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். விளக்கு வைக்கிற நேரம் என்று நம் வீடுகளில் ஒன்று உண்டே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? எனக்குத் தெரிந்த பாட்டிமார் பலர் ஆறு மணி என்று தீர்மானித்துவிட்டார்கள். சூரியன் எங்கேயாவது கிடக்கட்டும், ஆறு மணிக்கு விளக்கு. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வானத்தை நம்ப முடியாத ஊரில், நாளுக்கு ஒரு கணுவை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து இட்லி, தோசை மாவுக்கு வருகிறேன். மாவைப் பேசாமல் லண்டன் தமிழர் வீட்டைப் பேச முடியாது. சென்னையில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். அதில் நம் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. உளுந்தோடு கூடவே வருகிற நுண்ணுயிர்களுக்கு முப்பது டிகிரிச் சூடு கிடைத்தால் போதும், வேலையை அவை பார்த்துக்கொள்ளும். இங்கே ஜனவரி மாதச் சமையலறையில் அந்தச் சூட்டுக்கு எங்கே போவது? முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு சுடுதண்ணீர்த் தாங்கி வைத்த அலமாரி இருந்தது, மாவுச்சட்டி அதற்குள் சொகுசாகத் தூங்கும். தாங்கி தேவைப்படாத காம்பி பாய்லர் வந்தது, அலமாரி போனது. இப்போது ஓவனை மூட்டாமல், உள்விளக்கை மட்டும் போட்டுச் சட்டியை வைக்கிறோம். கதவில் "மாவு இருக்கு, போடாதே" என்று சீட்டு. சீட்டைப் பார்க்காமல் பீட்சா சூடாக்கப்போன மகன் எத்தனை வீட்டில் இருக்கிறான், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

உப்புப் போட்டுக் கையாலேயே கலக்குகிறோமே, அந்த இரண்டு நிமிடம் பெரிய விஷயம். முழங்கை வரை குளிர்ந்த மாவு. கைப்பேசியைத் தொட முடியாது. மின்னஞ்சலுக்குப் பதில் போட முடியாது. யாழ்ப்பாணத்துக்காரர் தோசை மாவில் வெந்தயத்தை மறக்க மாட்டார், மதுரைக்காரர் அளவு வேறு சொல்வார்; சண்டை தீராது. ஆனால் கை செய்கிற வேலை ஒன்றுதான்.

கொரோனா பரவிய 2020-இல், மார்ச் 23 இரவு, பிரதமர் தொலைக்காட்சியில் வந்து எல்லோரும் வீட்டிலிருங்கள் என்றார். அந்த வாரங்களில் கடைகளில் கோதுமை மாவு கிடைக்கவில்லை, நினைவிருக்கிறதா? ஆலைகளில் மாவுக்குப் பஞ்சமில்லை. இந்த நாட்டு மாவில் சுமார் 4 சதவீதமே கடைகளில் சிறு பைகளில் விற்பது. மற்றதெல்லாம் பேக்கரிக்கும் தொழிற்சாலைக்கும் மொத்தமாகப் போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ரொட்டி சுடக் கிளம்பவும், அத்தனை சிறு பைகளை அடைத்துக் கொடுக்க முடியவில்லை. பயந்துபோன ஒரு நாடு, ஆறுதல் தேடி மாவில் கை வைத்தது.

நிதானத்தை ஓர் இயக்கமாகவே நடத்தியவர்களும் உண்டு. 1986-இல் ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் வந்தபோது, இத்தாலியரான கார்லோ பெட்ரினியும் நண்பர்களும் எதிர்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் நத்தையைச் சின்னமாகக் கொண்ட ஸ்லோ ஃபுட் இயக்கம். நல்ல இயக்கம். ஆனால் அதன் பேரப்பிள்ளையாக வந்த "நிதான வாழ்க்கை" இன்று கடைச்சரக்காகிவிட்டது. வாசனை மெழுகுவர்த்தி வாங்கு, லினன் விரிப்பு வாங்கு, பிறகு அமைதியாக உட்கார் என்கிறார்கள். வாங்கித்தான் நிதானம் வரும் என்றால், அது எனக்கு வேண்டாம்.

வீட்டு நிதானத்துக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று யோசிக்க ஓர் இடம் சொல்கிறேன். லண்டன் ஹாக்ஸ்டனில் 'மியூசியம் ஆஃப் தி ஹோம்' இருக்கிறது. ஏழை முதியோருக்காக 1714-இல் கட்டிய இல்லம், 1914-இல் அருங்காட்சியகமானது. நானூறு ஆண்டுகளில் வீட்டு அறைகள் எப்படி மாறின என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். அனுமதி இலவசம், பிள்ளைகளோடு போய்வாருங்கள். அங்கே கணப்பைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: விடியுமுன் எழுந்து இதன் சாம்பலை அள்ளியது யார்?

நம் வீட்டிலும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். நாம் இங்கே மேடையில் ஆறுதல், நிதானம் என்று அழகாகப் பேசுகிறோம். அரிசியை ஊறப்போட்டது யார்? விளக்குத் திரியைத் திரித்தது யார்? பெரும்பாலும் ஒரே ஒருத்தி. அவளும் எட்டு மணி நேரம் வெளியே வேலை பார்த்து வந்தவள். விரும்பிச் செய்கிற வேலைதான் மனதை ஆற்றும். மற்ற மூன்று பேர் சோபாவில் இருக்க ஒருத்தியே தினம் செய்தால், அது வெறும் பாரம். சாப்பிடுகிறவர்களுக்கு நிதானம், சமைப்பவளுக்கு ஓட்டம். இதைப் பண்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே இந்த அவையிலுள்ள ஆண்களிடமும், பதினைந்து வயது தாண்டிய பிள்ளைகளிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை காலை அரிசியையும் உளுந்தையும் நீங்கள் ஊறப்போடுங்கள். சாயங்காலம் நீங்களே அரையுங்கள், நீங்களே கையால் கலக்குங்கள், ஓவன் கதவில் சீட்டையும் நீங்களே ஒட்டுங்கள். அளவு தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். கிரைண்டரைக் கழுவி வைக்க மட்டும் மறந்துவிடாதீர்கள்.