அனுபவத்துக்கும் ஒரு கூலி வேண்டும்



இந்தக் கூட்டத்தில் செவிலியர்களைப் பாராட்டிப் பேசச் சொன்னார்கள். பாராட்டெல்லாம் கொரோனா வந்த 2020-லேயே முடிந்துவிட்டது. கை தட்டினோம், விளக்கேற்றினோம், ஹெலிகாப்டரிலிருந்து பூவும் தூவினோம். நான் சம்பளம் பேச வந்திருக்கிறேன்.

2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் இடங்களுக்கு ஆள் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷம் பொறுங்கள், நிரந்தரம் ஆக்குகிறோம் என்று பேச்சு. பொறுத்தார்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில், டி.எம்.எஸ். என்கிற மருத்துவ இயக்குநரக வளாகத்தில் வந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்புறம்தான் 14,000, அப்புறம் 18,000. சிலருக்கு நிரந்தர ஆணை வந்தது, பலர் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

தொகுப்பூதியத்தில் அகவிலைப்படி கிடையாது. நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் எட்டு வருஷம் நைட் டூட்டி பார்த்தவருக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. வீடு கட்டும்போது கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஒரே கூலியா கொடுக்கிறோம்?

அனுபவம் என்றால் என்ன என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையம், நடுராத்திரி. குழந்தை பிறந்து, நஞ்சும் விழுந்தாயிற்று. வெளியே மிட்டாய் வாங்க ஆள் ஓடுகிறது. சிஸ்டர் மட்டும் நகரவில்லை. தாயின் தொப்புள் பக்கம் கை வைத்துப் பார்க்கிறார். கர்ப்பப்பை கெட்டியாக இறுகியிருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் ரத்தம் கொட்டப் போகிறது. வயிற்றைத் தேய்த்துவிட வேண்டும், ஆக்சிடோசின் போட வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும், 108-க்குச் சொல்ல வேண்டும். எல்லாம் சில நிமிஷத்துக்குள். பாடப்புத்தகத்தில் இது எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் எது மெத்து, எது இறுக்கம் என்று விரலுக்குத் தெரிய நூறு பிரசவமாவது பார்த்திருக்க வேண்டும். அந்த நூறு பிரசவத்துக்குச் சம்பளச் சீட்டில் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அரசாங்கத்தில் இப்படி. தனியாரில்? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு சொன்னது. சொன்னதோடு சரி, நடத்துவது மாநிலங்களின் பாடு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் செவிலியர்கள் விடவில்லை. சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் கிளம்பத் தயாரானார்கள். 2018 ஏப்ரலில், கிளம்புவதற்கு முந்தின நாள், குறைந்தபட்சம் 20,000 என்று அரசு அறிவித்தது.

நம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள், உங்களுக்கே தெரியும். கூலி ஒப்பந்தம் முடிந்தால் தறியை நிறுத்திப் பேசி வாங்குகிறார்கள், நியாயம். அந்தத் துணியை எடுத்துப் புண்ணைக் கட்டுகிற பெண் ஒருநாள் வேலையை நிறுத்தினால், ‘நோயாளியை விட்டுட்டுப் போயிட்டா’ என்று நாமே பேசுவோம்.

சம்பளம் கூடினால் பில்லும் கூடுமே என்பார் சின்ன ஆஸ்பத்திரி டாக்டர். கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் கை தேர்ந்தவர்களெல்லாம் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டால், உங்கள் ஐ.சி.யூ.வில் ராத்திரி யாரை நிறுத்துவீர்கள், டாக்டர்?

மே 1-ஆம் தேதி கிராம சபை. நூறு நாள் வேலையும் தெருவிளக்கும் பேசுவோம். அதோடு இரண்டு வரி சேருங்கள். தொகுப்பூதியத்தில் உழைத்த வருஷங்களையும் பணிக்காலமாகக் கணக்கிட்டுச் சம்பளம் நிர்ணயிக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கு அந்தக் குழு சொன்ன அளவையே குறைந்தபட்ச ஊதிய அரசாணையாகப் போட வேண்டும், வருஷத்துக்கு வருஷம் ஏறுகிற மாதிரி. வாசகம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், மேஜை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள்.