ஒரு வருடம் கருவிக்கு, ஆறு மாதம் மணிக்கூட்டுக்கு



ரெனானில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்-இமியே, மறுபக்கம் லா சோ-து-போன். இரண்டுமே மணிக்கூட்டால் பெயர் பெற்ற ஊர்கள். இந்த மலைப்பக்கத்துக்கு அந்தத் தொழில் வந்தது பற்றி ஒரு பழைய கதை உண்டு.

1679ஆம் ஆண்டு. லண்டனில் இருந்து வந்த குதிரை வியாபாரி ஒருவரின் மணிக்கூடு நின்றுவிடுகிறது. லா சாஞ் ஊரைச் சேர்ந்த டானியல் ஜான்ரிஷார் என்ற பையன் அதைத் திருத்திக் கொடுக்கிறான். பிறகு, தானும் ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் கையில் கருவி இல்லை. ஒரு வருடம் கருவிகளை மட்டுமே செய்கிறான். அதற்குப் பிறகு ஆறு மாதத்தில் மணிக்கூடு முடிகிறது.

கதையில் கற்பனை கலந்திருக்கிறது. அவருக்கு முன்பே இங்கு மணிக்கூடு செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஆள் உண்மை: 1741இல் லு லொக்கிளில் காலமானார், அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குத்தான். முதல் வருடம் யாராவது வந்து கேட்டிருந்தால், காட்டுவதற்கு அவனிடம் ஒரு மணிக்கூடும் இருந்திருக்காது.

எங்கள் வீடுகளில் அந்த முதல் வருடத்துக்குத்தான் பொறுமை இல்லை. காரணமும் உண்டு. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வருமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கடிதப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் நாங்கள். நாலு வருடத் திட்டம் போட எங்களுக்கு எங்கே வசதி இருந்தது? அந்த அவசரம் இன்னும் விட்டுப்போகவில்லை. அதைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறோம்.

பிள்ளை தொழிற்பயிற்சிக்குப் போகிறான் என்று லண்டனில் இருக்கும் மாமாவுக்குச் சொல்லக் கூச்சப்படுகிறோம். இந்த நாட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் போகும் பாதை அது. மணிக்கூட்டுத் தொழிலாளிக்கான முழுப் பயிற்சி நாலு வருடம். அதோடு தொழில்சார் மத்துரித்தேயும் எடுத்தால் தொழில்சார் உயர்கல்லூரிக்குப் போகலாம். மேலும் ஒரு பரீட்சை எழுதினால் பல்கலைக்கழகமும் திறந்திருக்கிறது. டொக்டர், எஞ்சினியர் என்று ஒரே ஏணியைக் காட்டி, ஏற முடியாத பிள்ளையை வீட்டிலேயே தோற்றவனாக்குவது அநியாயம்.

ஆனால் பிந்தினால் இடம் கிடைப்பது கஷ்டம். பல நிறுவனங்கள் ஒரு வருடத்துக்கு முன்பே ஆட்களைத் தேடத் தொடங்கிவிடும். அதற்கும் முன்னால் சில நாட்கள் 'ஸ்தாஜ்' போய் வேலையைப் பார்க்க வேண்டும். ஆகவே பதின்மூன்று, பதினாலு வயதிலேயே தொழில் வழிகாட்டல் நிலையத்துக்குப் பிள்ளையோடு போங்கள். பிரெஞ்சு சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும். விண்ணப்பக் கடிதத்தை மட்டும் அக்காவைக் கொண்டு எழுதுவிக்க வேண்டாம். நேரில் கூப்பிட்டு முதல் கேள்வி கேட்கும்போதே அது தெரிந்துவிடும்.

பத்து வருடம் சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். விளையாட்டையும் நித்திரையையும் விட்டு வந்தவர்கள். அந்தப் பத்து வருடத்தையும் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.